'லிபர்ட்டி ஷிப்' என்று நினைத்து செல்ஃபி எடுக்கிறார்கள்... ஆனால், இது பெட்ரோல் சுமந்த கான்கிரீட் கப்பல்! - லானாய் தீவின் 'ஷிப்ரெக் பீச்'

ஹவாய்த் தீவுகளில் லானாய் கொஞ்சம் வித்தியாசமானது. மொத்த மக்கள்தொகையே மூவாயிரத்துச் சொச்சம்தான். ஒரே ஓர் ஊர், அதன் பெயர் லானாய் சிட்டி. டிராஃபிக் சிக்னல் என்ற ஒன்று தீவிலேயே கிடையாது. 1922-ல் ஜேம்ஸ் டோல் என்பவர் இந்தத் தீவை வாங்கி அன்னாசித் தோட்டமாக மாற்றினார். எழுபது ஆண்டுகள் ஓடியது அந்தக் கதை. 2012-ல் ஆரக்கிள் நிறுவனத்தின் லாரி எலிசன் தீவின் 98 சதவிகிதத்தை வாங்கினார். ஒரு தீவை இப்படி மொத்தமாக வாங்க முடியுமா என்று ஆச்சர்யப்படுகிறவர்கள் ஆச்சர்யப்பட்டுக் கொள்ளலாம். இங்கு சொல்லவந்த விஷயம் வேறு.

லானாய் சிட்டியிலிருந்து வடக்கே இறங்குகிறது கெயோமுகு சாலை. உயரமான பைன் மரங்களும் குளிர்ந்த காற்றும் பின்னால் போய்விட, வளைந்து வளைந்து கீழே இறங்கும்போது நிலம் காய்ந்து சிவக்கிறது. தூரத்தில் நீலமாகக் கடல். அதன் அக்கரையில் மொலோகாய் தீவு. கடற்கரையை எட்டியதும் தார்ச்சாலை முடிந்துவிடும். இடதுபக்கம் பிரிகிற மணல்தடத்தில் ஜீப் போன்ற நான்கு சக்கர இழுவை வண்டிதான் போகும். சாதாரண கார்காரர்கள் இறங்கி நடக்க வேண்டியதுதான்.

வழியில் பாழடைந்த சில குடில்களின் மிச்சங்கள் கண்ணில்படும். அன்னாசித் தோட்டத்தில் வேலைசெய்த பிலிப்பைன்ஸ் தொழிலாளர்கள் விடுமுறை நாளில் மீன் பிடித்து, சமைத்து, ஓய்வெடுக்கக் கட்டிக்கொண்டவை. 'ஃபெடரேஷன் கேம்ப்' என்று பெயர். கரை ஒதுங்கிய கப்பல்களின் மரப்பலகைகளையும் இதற்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள். இன்னும் கொஞ்சம் போனால் பழைய கலங்கரை விளக்கத்தின் கான்கிரீட் அடித்தளம். அங்கிருந்து உள்பக்கம் நடந்தால், பழங்கால ஹவாய் மக்கள் பாறைகளில் கீறிவைத்த மனித உருவங்களைப் பார்க்கலாம். தொட்டுப் பார்க்கக் கூடாது.

ஆனால், வருகிறவர்களின் கண் இவை எதன்மீதும் அதிக நேரம் நிற்பதில்லை. கரைக்கு அப்பால், பவளத்திட்டின்மேல், துருப்பிடித்த பழுப்பு நிறத்தில் ஒரு பெரிய கப்பல் நின்றுகொண்டிருக்கிறது. மூழ்கவும் இல்லை, மிதக்கவும் இல்லை. அலை வந்து மோதுகிறது, உடைகிறது, போகிறது. கப்பல் அப்படியே நிற்கிறது. கயோலோஹியா என்ற ஹவாய்ப் பெயர் கொண்ட இந்தக் கடற்கரையை உலகம் 'ஷிப்ரெக் பீச்' என்று அழைப்பதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

"இரண்டாம் உலகப் போர் லிபர்ட்டி ஷிப்" என்று பயணக் கையேடுகள் பல காலமாகச் சொல்லிவருகின்றன. போட்டோ போடுகிறவர்களும் அதையே எழுதுகிறார்கள். போர் உண்மை. லிபர்ட்டி ஷிப்தான் தப்பு.

லிபர்ட்டி கப்பல்கள் இரும்பால் கட்டப்பட்டவை. சரக்கு ஏற்றிச் செல்வதற்காக அமெரிக்கா போர்க்காலத்தில் 2,710 கப்பல்களைக் கட்டித் தள்ளியது. அந்தப் பெயர் அவ்வளவு பிரபலம் என்பதால், போர்க்காலத்துக் கப்பல் எதைப் பார்த்தாலும் வாயில் அதுவே வந்துவிடுகிறது. லானாயில் நிற்பதோ கான்கிரீட்! கடல்சார் தொல்லியலாளர்கள் ஆராய்ந்து அடையாளம் சொன்ன பெயர், ஒய்.ஓ.ஜி-42.

இதெல்லாம் ஒரு பெயரா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். போர்க்கப்பல்களுக்கு மாநிலங்களின் பெயர், நகரங்களின் பெயர், வீரர்களின் பெயர் வைத்த அமெரிக்கக் கடற்படை, துறைமுகத்தில் எடுபிடி வேலை செய்கிற கலங்களுக்கு எழுத்தும் எண்ணும் மட்டும்தான் கொடுத்தது. 'ஒய்' என்றால் யார்டு, அதாவது துறைமுகப் பணி. 'ஓ' என்றால் ஆயில். 'ஜி' என்றால் கேசோலின், நம் ஊர் பாஷையில் பெட்ரோல். துறைமுகத்தில் நின்றுகொண்டு, எரிபொருள் கேட்கிறவர்களுக்குக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. மிதக்கும் பெட்ரோல் பங்க் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

சரி, எதற்காகக் கான்கிரீட்? போர்க்காலத்தில் இரும்புத் தகட்டுக்குக் கடும் தட்டுப்பாடு. போர்க்கப்பலுக்கும் பீரங்கிக்குமே போதவில்லை. அதனால் கலிஃபோர்னியாவின் சான் டியாகோவுக்குப் பக்கத்திலுள்ள நேஷனல் சிட்டியில், கம்பி கட்டி கான்கிரீட் ஊற்றி, கிட்டத்தட்ட வீட்டுக்குத் தளம் போடுவதுபோலவே எரிபொருள் கலங்களைக் கட்டினார்கள். நூறு மீட்டருக்கும் அதிகமான நீளம். சிமென்ட் மிதக்குமா என்றால், இரும்பு மட்டும் மிதக்குமா என்ன? உள்ளே வெற்றிடம் இருந்து, தன் எடைக்குச் சமமான தண்ணீரை விலக்கினால் எதுவும் மிதக்கும்.

தானாக ஓடுவது மட்டும் இதற்கு ஆகாத காரியம். வேறொரு கப்பல் கயிறு கட்டி இழுத்துச் செல்ல வேண்டும்.

1943 செப்டம்பர் 12

அன்று ஒய்.ஓ.ஜி-42-ஐ இழுத்துக்கொண்டு போன கப்பலின் பெயர் நவஹோ. கடற்படையின் இழுவைக் கப்பல். இலக்கு, தென் பசிபிக்கில் உள்ள எஸ்பிரிட்டு சான்டோ தீவு. இன்று வனுவாட்டு நாட்டில் இருக்கிறது. குவாடல்கனால் பகுதியில் நடந்த சண்டைக்கு இந்தத் தீவுதான் அமெரிக்காவின் பெரிய பின்தளம். அங்கே விமான ஓடுதளங்கள் இருந்தன. விமானங்கள் பறக்க பெட்ரோல் வேண்டும்.

நவஹோவுக்கு இழுவையில் ஏற்கெனவே ஒரு கசப்பான அனுபவம் உண்டு. அதே ஆண்டு ஜனவரி இறுதியில், ரென்னல் தீவுக்கு அருகே ஜப்பானிய விமானங்களின் டார்பிடோ தாக்குதலில் அடிபட்டு நின்ற சிகாகோ என்ற பெரிய போர்க்கப்பலை அது இழுத்துக்கொண்டு போனது. ஜனவரி 30-ம் தேதி ஜப்பானிய விமானங்கள் மறுபடி வந்தன. சிகாகோ மூழ்கியது. நவஹோ தப்பியது.

செப்டம்பரில் நடந்தது நேர்மாறு. எஸ்பிரிட்டு சான்டோவுக்குக் கிழக்கே சுமார் 150 மைல் தொலைவில், ஐ-39 என்ற ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பல் டார்பிடோவை ஏவியது. அது இழுவைக் கப்பலில் பாய்ந்தது. வெடித்த நவஹோ இரண்டே நிமிடங்களில் கடலுக்குள் போய்விட்டது. அதிலிருந்த மாலுமிகள் பலர் திரும்பவில்லை.

பின்னால் கட்டியிருந்த கான்கிரீட் கலம் மட்டும் மிதந்துகொண்டிருந்தது. கடற்படை ஆட்கள் அதைத் திரும்ப மீட்டுக்கொண்டார்கள். ஐ-39 நீர்மூழ்கியும் நீண்ட நாள் இருக்கவில்லை. அந்த ஆண்டு நவம்பரிலேயே தன் மாலுமிகளுடன் காணாமல்போனது.

லானாய் கரையில் நின்று செல்ஃபி எடுக்கிறவர்களில் எத்தனை பேருக்கு நவஹோவின் பெயர் தெரியும்? 'லிபர்ட்டி ஷிப்' என்று எழுதும்போது தப்புவது கப்பலின் பெயர் மட்டுமில்லை. அந்தக் கயிற்றின் மறுமுனையில் இருந்தவர்களும் கதையிலிருந்து விடுபட்டுப் போகிறார்கள். இந்தக் கப்பல் எந்தச் சண்டையிலும் ஒரு குண்டுகூடச் சுட்டதில்லை. ஆனால், அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையில் உயிர் போயிருக்கிறது.

இதே வகைக் கான்கிரீட் கலங்களின் தலையெழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு விதம். ஒய்.ஓ-160 என்ற எண்ணெய்க் கலத்தை 1946-ல் பிகினி பவளத்தீவுக்குக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். ஜூலை 25-ல் தண்ணீருக்கடியில் நடந்த அணுகுண்டுச் சோதனையில் அது மூழ்கியது. இன்னொன்று கனடாவின் பவல் ரிவர் காகித ஆலைக்கு அலைத்தடுப்பாக நின்றது. 2018-ல் அதை ஸ்கூபா டைவர்களுக்காகக் கடலடியில் இறக்கினார்கள். பிகினிக்குப் போனதைவிட லானாய்க்கு வந்தது தேவலாம் என்றுதான் சொல்ல வேண்டும்.

போர் முடிந்தபின் ஹவாய்ப் பக்கம் வந்து, வேலையும் இல்லாமல், இந்தப் பவளத்திட்டில் உட்கார்ந்ததுதான் ஒய்.ஓ.ஜி-42. எஸ்பிரிட்டு சான்டோ போய் வந்த பயணத்தின் கடைசி நிறுத்தம் இது. இரும்பாக இருந்திருந்தால் உப்புக்காற்றும் அலையும் எப்போதோ தின்று தீர்த்திருக்கும். கான்கிரீட் என்பதால் தாக்குப்பிடிக்கிறது. அதற்கும் ஓர் எல்லை உண்டு. உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடிக்கும்போது வீங்கும், சுற்றியுள்ள கான்கிரீட்டைப் பிளக்கும். பழைய வீட்டு பால்கனியில் நடப்பது இங்கேயும் நடக்கிறது. பக்கவாட்டில் ஓட்டைகள் விழுந்திருக்கின்றன.

பார்க்கப் போகிறவர்களுக்குச் சில தகவல்கள். மாவி தீவிலிருந்து ஃபெர்ரியில் வரலாம். ஹொனலுலுவிலிருந்து சிறிய விமானமும் உண்டு. குடிக்கத் தண்ணீர் கையோடு எடுத்துச் செல்வது அவசியம். கடற்கரையில் கடையோ நிழலோ கிடையாது. கப்பல் பக்கத்தில் இருப்பதுபோலத் தெரிந்தாலும் நீந்திப் போக நினைக்க வேண்டாம். கூர்மையான பவளப்பாறை, பலமான நீரோட்டம், மேலே ஓயாத காற்று. கரையிலிருந்து பார்த்தால் போதும். காலை வெயிலில் போட்டோ நன்றாக வரும். கூடவே கேப்ஷனில் ஒய்.ஓ.ஜி-42 என்று எழுதினால் சரியாக இருக்கும்.

வாடகை ஜீப்புக்கு பெட்ரோல் போட லானாய் சிட்டிக்குத்தான் திரும்ப வேண்டும். தீவில் பங்க் ஒன்றே ஒன்றுதான். அந்த பெட்ரோலும் இன்றுவரை கடல்வழியாகத்தான் வருகிறது.