நடுவர் நாற்காலி

வாதம் செய்வதில் எனக்கு எப்போதுமே ஒரு சபலம் உண்டு. கதை எழுதுகிறவனுக்கு இது ஒரு தொழில் நோய் என்றே நினைக்கிறேன். நாள் முழுதும் தானே கேள்வியும் தானே பதிலுமாகப் பாத்திரங்களைப் பேச வைத்துக்கொண்டிருப்பவனுக்கு, தான் எழுதிக் கொடுக்காத வசனத்தை ஒருவர் எதிரே நின்று பேசினால் அதில் ஒரு தனிச் சுகம். அந்தச் சுகத்தைத் தேடித்தான், இணையத்தில் புத்தகப் பிரியர்கள் சிலர் கூடிப் பேசும் ஓர் இடத்துக்கு நான் போய் வந்துகொண்டிருந்தேன். அந்த இடத்தின் பெயர் இங்கே வேண்டாம். அங்கே நடந்ததுதான் விஷயம்.

காலமாகி நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்ட ஒரு தமிழ் எழுத்தாளரின் நாவலை யாரோ பக்கம் பக்கமாகப் படமெடுத்து, எவரும் இறக்கிக்கொள்ளும்படி இணையத்தில் வைத்துவிட்டார்கள். அது சரியா தவறா என்பதுதான் விவாதம். ஓர் அன்பர், தொழிலால் பொறியாளர், இப்படி எழுதினார்: "இந்தப் புத்தகம் முப்பது வருஷமாக அச்சில் இல்லை. இருக்கிற பிரதிகளையும் கரையான் தின்கிறது. ஒரு யந்திரம் ஒரு மணி நேரத்தில் அதைக் காப்பாற்றிவிட்டது. உங்கள் சட்டம் முப்பது வருஷமாக என்ன செய்துகொண்டிருந்தது?"

கேள்வி நியாயமானது. எனக்குக் கோபம் வரவில்லை, உற்சாகம் வந்தது. நான் பதில் எழுதினேன். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி எழுத்தாளரின் ஆயுட்காலமும், அதற்குப் பிறகு 60 ஆண்டுகளும் உரிமை அவருக்கும் அவர் வாரிசுகளுக்கும் உரியது. முதலில் அது 50 ஆண்டாகத்தான் இருந்தது, 1992இல் நீட்டினார்கள். நீட்டியது சரிதானா என்று வேண்டுமானால் சண்டை போடலாம். ஆனால் அந்த எழுத்தாளருக்கு ஒரு மகள் இருக்கிறாள். அவரை நான் அறிவேன். வாடகை வீட்டில் இருக்கிறார். "அப்பா புத்தகத்தை யாராவது போடுறேன்னு வந்தா எனக்குச் சந்தோஷம்தான் தம்பி. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்று அவர் என்னிடம் சொன்னதை அப்படியே எழுதினேன்.

பொறியாளர் விடவில்லை. பாரதியின் எழுத்தை 1949இல் சர்க்கார் நாட்டுடைமை ஆக்கியதால்தானே அது மூலைமுடுக்கெல்லாம் போயிற்று என்றார். நானும் விடவில்லை. மூன்றாவது கடிதம் ஒன்றை ராத்திரி வெகுநேரம் விழித்திருந்து எழுதினேன். பதிப்புரிமைச் சட்டத்திலேயே இதற்கு ஒரு வாசல் இருக்கிறது. உரிமை உள்ளவர் மறுபதிப்புக்கு மறுத்து நூலை முடக்கி வைத்தால் 31ஆம் பிரிவு. ஆசிரியர் மறைந்துவிட்டார், உரிமையாளரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை என்றால் 31ஏ பிரிவு. இவற்றின்படி விண்ணப்பம் செய்து உரிமம் பெறலாம். ஆக, யந்திரமும் சட்டமும் எதிரிகளாக நிற்க வேண்டிய அவசியமில்லை. நம் விஷயத்திலோ அந்தப் பிரிவுகள்கூட வேண்டாம், ஒரு கடிதம் போதும். இதுதான் அந்த மூன்றாவது கடிதத்தின் சாரம்.

காலையில் பார்த்தால் என் கடிதங்கள் மூன்றும் இல்லை. பொறியாளரின் கடிதங்கள் எல்லாம் இருந்தன! புதிதாக வந்து படிப்பவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். யாரோ ஒருவர் ஏதோ அபத்தமாகக் கேட்டிருக்கிறார். அதற்கு மற்றவர் பிரமாதமாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார். அறை வாங்கிய கன்னம் மட்டும் மிஞ்சி, நான் பேசிய வாய் காணாமற் போயிருந்தது.

அங்கே விவாதங்களை ஒழுங்கு செய்கிறவருக்கு 'மட்டுறுத்துநர்' என்று பெயர். நல்ல தமிழ்ச் சொல். மட்டு என்றால் அளவு. அளவு மீறாமல் பார்த்துக்கொள்பவர். நான் எந்த அளவை மீறினேன் என்று அவரைக் கேட்டேன். "விதிகளுக்கு முரணானது" என்று பதில் வந்தது. எந்த விதி என்று கேட்டேன். அதற்குப் பதில் இல்லை. ஒரு வாரத்துக்கு நான் அங்கே எழுத முடியாதபடி கதவு சாத்தப்பட்டது. பிறகுதான் வேறொரு நண்பர் சொல்லித் தெரிந்தது: அந்த நாவலைப் படமெடுத்து இணையத்தில் ஏற்றியவரே அந்த மட்டுறுத்துநர்தான்.

சிலம்பின் கதை எல்லாருக்கும் தெரியும். பொற்கொல்லன் வந்து கோவலன்மேல் பழி சொல்கிறான். பாண்டியன் கோவலனை அழைத்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. பழி சொன்னவனே உண்மையான கள்வன் என்பது கோவலன் மாண்ட பிறகுதான் வெளிப்படுகிறது. என் கதையில் மதுரை எரியவில்லை. யார் தலையும் போகவில்லை. ஆனால் ஆராயாமல் தீர்ப்பு, விவகாரத்தில் சம்பந்தப்பட்டவனே தீர்ப்பில் கை வைப்பது என்ற இரண்டு தப்பும் அதே தப்புகள்தாம்.

கோபத்தில் சட்டப் புத்தகங்களைப் புரட்டினேன். அந்த வாசிப்புக்காக இப்போது நான் அந்த மட்டுறுத்துநருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

குடியரசு பிறந்த 1950லேயே இந்த வழக்கு தொடங்கிவிட்டது. அதுவும் நம் சென்னையில். பம்பாயிலிருந்து ரொமேஷ் தாப்பர் நடத்திய 'கிராஸ் ரோட்ஸ்' என்ற பத்திரிகை தன் எல்லைக்குள் வரக்கூடாது என்று அந்த மார்ச் மாதம் சென்னை சர்க்கார் தடை போட்டது. மே மாதம் சுப்ரீம் கோர்ட் அந்தத் தடையைத் தள்ளியது. சர்க்கார் சும்மா இருக்குமா? அடுத்த ஆண்டே அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்தது. பேச்சுரிமையைக் கட்டுப்படுத்தப் பொது ஒழுங்கு முதலான புதிய காரணங்கள் சேர்ந்தன. ஆனால் அதே திருத்தத்தில், கட்டுப்பாடு 'நியாயமானதாக' இருக்க வேண்டும் என்ற சொல்லும் சேர்ந்தது. பெயரடைகளை வெட்டித் தள்ளு என்று இளம் எழுத்தாளர்களுக்கு உபதேசிப்பவன் நான். இந்த ஒரு பெயரடையை மட்டும் வணங்குகிறேன். அது இல்லாவிட்டால் கட்டுப்பாடு நியாயமா என்று கோர்ட்டில் கேட்க ஒரு பிடி இருந்திருக்காது.

பிறகு கம்ப்யூட்டர் யுகம் வந்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 2008ஆம் ஆண்டுத் திருத்தம் 66ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. பிறருக்கு எரிச்சலோ அசௌகரியமோ உண்டாக்குவதைக்கூடக் குற்றத்துக்குள் இழுத்து, மூன்றாண்டு வரை சிறை என்றது அது. எரிச்சல் என்றால் என்ன? என் நாவலைப் படித்தால்கூடச் சிலருக்கு எரிச்சல் வருகிறது! 2012 நவம்பரில், ஒரு தலைவர் மறைந்தபோது நகரம் ஏன் அடைக்கப்பட வேண்டும் என்று கேட்டு முகநூலில் எழுதிய ஒரு பெண்ணையும், அதற்கு விருப்பம் தெரிவித்த அவள் தோழியையும் மகாராஷ்டிரத்தில் பால்கர் என்னும் ஊரில் கைது செய்தார்கள். 2015 மார்ச் 24 அன்று ஷ்ரேயா சிங்கால் வழக்கில் சுப்ரீம் கோர்ட் அந்தப் பிரிவையே ரத்து செய்தது.

அந்தத் தீர்ப்பில் என்னைத் தடுத்து நிறுத்திய இடம் வேறொன்று. இணையப் பக்கங்களைத் தடை செய்யச் சர்க்காருக்கு அதிகாரம் தரும் 69ஏ என்ற பிரிவைக் கோர்ட் ரத்து செய்யவில்லை. ஏன்? அதில் தடைக்கு உரிய காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும் என்று இருக்கிறது. எழுதி வைத்த காரணத்தைக் கோர்ட்டில் எதிர்க்கலாம். ஏட்டில் உள்ளபடிதான் நடக்கிறதா என்பது வேறு வழக்கு. ஆனால் தத்துவம் தெளிவு: வெட்டுவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், காரணம் சொல்லாமல் வெட்டுவதைப் பொறுத்துக்கொள்ள முடியாது.

இதையெல்லாம் என் வக்கீல் நண்பரிடம் ஆவேசமாகச் சொன்னேன். அவர் சிரித்தார். "ஐயா, அதெல்லாம் சர்க்காரைக் கட்டும் விதி. தனியார் வீட்டுத் திண்ணையில் உங்களை எழுந்து போகச் சொன்னால் பேச்சுரிமை பேச முடியாது" என்றார். 2021இல் வந்த விதிகளைக் காட்டினார். சமூக ஊடக நிறுவனம் ஒருவர் எழுதியதைத் தானாக நீக்கினால், முன்னதாக அவருக்குக் காரணத்தைத் தெரிவித்து, மறுத்துப் பேச வாய்ப்பும் தரவேண்டும் என்று அதில் இருக்கிறது. ஆனால் அது 50 லட்சம் பேருக்கு மேல் பதிவு செய்திருக்கும் பெரிய இடங்களுக்கு மட்டும். எங்கள் திண்ணையில் ஐந்நூறு பேர் இருந்தால் அதிகம்.

நண்பர் இன்னொரு கதையும் சொன்னார். அமெரிக்காவில் 1991இல் கம்ப்யூசர்வ் என்ற கம்பெனியின்மேல் அவதூறு வழக்கு வந்தது. பிறர் எழுதியதை அந்தக் கம்பெனி பார்வையிடுவதே இல்லை; ஆகவே பொறுப்பில்லை என்றது கோர்ட். 1995இல் பிராடிஜி என்ற கம்பெனியின்மேல் வழக்கு வந்தது. அது ஆபாசத்தையும் வசவையும் நீக்கிக்கொண்டிருந்தது. ஆகவே பதிப்பாசிரியரைப் போல அதற்குப் பொறுப்பு உண்டு என்றது நியூயார்க் கோர்ட். வாசலைப் பெருக்கினவன்தான் குப்பைக்குப் பொறுப்பு, பெருக்காதவன் உத்தமன் என்று ஆகிவிட்டது! இதைச் சரிக்கட்டத்தான் 1996இல் அங்கே சட்டம் செய்து, பெருக்குகிறவனைக் காப்பாற்றினார்கள்.

வாஸ்தவம்தான். எங்கள் மட்டுறுத்துநரும் சம்பளமில்லாமல் ராத்திரி கண்விழித்துப் பெருக்கியவர். அவர் இல்லாவிட்டால் அங்கே பெண்கள் ஒரு நாள்கூடப் பேசியிருக்க முடியாது. துடைப்பம் அவர் கையில் இருக்க வேண்டியதுதான். நான் கேட்பது மூன்று சின்ன விஷயங்கள். ஏன் என்று சொல்ல வேண்டும். நீக்கிய இடத்தில் நீக்கியதாக ஓர் அடையாளம் இருக்க வேண்டும். தன் வழக்கு வரும்போது நாற்காலியை விட்டு எழுந்து, வேறொருவரை உட்கார வைக்க வேண்டும். இதற்குச் சட்டம் வேண்டியதில்லை. கொஞ்சம் கூச்சம் இருந்தால் போதும்.

இரண்டு மாதம் கழித்துப் பொறியாளரிடமிருந்து எனக்குத் தனிக் கடிதம் வந்தது. "உங்கள் மூன்றாவது கடிதத்தைப் பாதி படிப்பதற்குள் போய்விட்டது. 31ஆம் பிரிவு என்று ஏதோ சொன்னீர்களே?" என்று கேட்டிருந்தார். எழுத்தாளரின் மகளோடு அவரைப் பேச வைத்தேன். அந்த அம்மாள் அன்றைக்கே சம்மதித்துவிட்டார். "அப்பா இனிஷியலைத் தப்பாப் போட்டிருக்காங்க. அதை மட்டும் சரி பண்ணச் சொல்லுங்க தம்பி" என்றார். ஒரே நாளில் தீர்ந்திருக்க வேண்டியதற்கு இரண்டு மாதம்!

இத்துடன் கட்டுரையை முடித்துவிட்டால், நான் அநியாயம் செய்யப்பட்ட உத்தமனாக நின்றுவிடலாம். அதற்கும் கூச்சமாக இருக்கிறது.

எனக்கு இருபத்தைந்து வயதிருக்கும்போது ஒரு சிறு பத்திரிகையில் வேலை பார்த்தேன். பத்திரிகை இன்று இல்லை. வாசகர் கடிதப் பகுதி என் பொறுப்பு. அதே பத்திரிகையில் என் கதை ஒன்று வந்தது. கரிசல் காட்டுக் கதை. கோவில்பட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து, ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் அதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தார். கதையின் நடை நன்றாக இருக்கிறது என்பது அவர் கடிதத்தின் முதல் வரி. மீதி முழுவதும் என் தப்புகள். நான் முதல் வரியை மட்டும் அச்சில் போட்டேன்.

ஒரு மாதத்தில் அவரிடமிருந்து ஒரு தபால் கார்டு வந்தது. தம் கடிதத்தைப் போடாமலே விட்டிருந்தால் தமக்கு வருத்தமில்லை என்றும், பாராட்டை மட்டும் போட்டுத் தம்மை ஒரு முகஸ்துதிக்காரன் ஆக்கிவிட்டதுதான் வருத்தம் என்றும் எழுதியிருந்தார். நான் பதில் எழுதவில்லை. அதன் பிறகு அவரும் எழுதவில்லை. பாதி பேச்சை வெட்டி மீதியை நிற்க வைத்தால் எப்படி இருக்கும் என்பது எனக்குப் புரிய இருபது வருஷமும் ஒரு மட்டுறுத்துநரும் தேவைப்பட்டிருக்கிறார்கள்.

அவர் சுட்டிக்காட்டியவற்றில் ஒன்று இன்னும் நினைவிருக்கிறது. என் கதையில் ஒரு சம்சாரி சித்திரை மாதத்தில் பருத்தி விதைக்கிறான். வானம் பார்த்த கரிசலில் எவனும் சித்திரையில் விதைக்க மாட்டான். புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பித்தான் விதைப்பான். அந்தக் கதை என் தொகுதியில் மூன்று பதிப்புகள் வந்துவிட்டது. மூன்றிலும் அந்தச் சம்சாரி சித்திரை வெயிலில் விதைத்துக்கொண்டேதான் இருக்கிறான்.

அடுத்த பதிப்பில் மாதத்தைத் திருத்திவிடுவேன். திருத்தியது யார் என்பதையும் அடியில் போடுவேன். அவர் பெயர் அந்தக் கார்டில் இருக்கிறது. கார்டை நான் கிழித்துப் போடவில்லை.