விலைக்கோடும் என் கொப்பியும்

காலை ஒன்பதரைக்குக் கொழும்பு பங்குச் சந்தை தொடங்கும்போது நான் கிளிநொச்சியில் தையல் மெசினுக்கு முன்னால் இருப்பேன். பகல் இரண்டரைக்குச் சந்தை முடிந்துவிடும். இரவில் கோப்பைகளைக் கழுவி வைத்த பிறகுதான் கொப்பியை விரித்து அன்றைய விலைகளை எழுதிக் கோடு கீறுவேன்.

2009 இல் கணவரை இழந்து, செட்டிகுளம் முகாமிலிருந்து பிள்ளைகளுடனும் அம்மாவுடனும் ஊர் திரும்பியவள் நான். பங்கு என்றால் பணக்காரரின் விடயம் என்றே நினைத்திருந்தேன். 2021 இல் மகள் கைத்தொலைபேசியிலேயே கணக்குத் திறக்க உதவினாள். சீட்டெடுத்த காசில் 60,000 ரூபாயைப் போட்டேன்.

அவள் இரண்டு குறிகாட்டிகளைச் சொல்லித் தந்தாள். ஒன்று நகரும் சராசரி. கடைசி 20 நாள் விலைகளைக் கூட்டி 20 ஆல் பிரித்தால் வருவது. விலை அதற்கு மேலே நின்றால் ஏறுமுகம், கீழே நின்றால் இறங்குமுகம் என்று கொள்வார்கள். மற்றது ஆர்.எஸ்.ஐ. 1978 இல் வெல்ஸ் வைல்டர் என்ற அமெரிக்கர் வெளியிட்ட முறை. 14 நாள் ஏற்றத்தையும் இறக்கத்தையும் ஒப்பிட்டு 0 முதல் 100 வரை ஓர் எண்ணைத் தரும். 30 இற்குக் கீழே போனால் அளவுக்கு மீறி விற்றுவிட்டார்கள், இனி விலை ஏறலாம் என்பது கணக்கு.

அந்த வருடம் சந்தையின் சுட்டெண் ஏறத்தாழ 6,800 இலிருந்து 12,200 வரை உயர்ந்தது. எதை வாங்கினாலும் இலாபம். அதை என் கெட்டித்தனம் என்று நம்பினேன்.

2022 மார்ச்சில் ஒரு பங்கின் எண் 28 ஆனது. 40 ரூபாய்ப்படி ஆயிரம் பங்கு வாங்கினேன். விலை 35, பிறகு 30. எண் 20 இற்கும் கீழே போனது. "இனி ஏறும்" என்று காத்திருந்தேன். ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென அறிவித்தது. 18 ஆம் திகதியிலிருந்து ஒரு கிழமை சந்தையையே மூடினார்கள். 25 இல் திறந்ததும் விலைகள் மீண்டும் சரிந்தன. 22 ரூபாய்க்கு விற்றேன். 18,000 ரூபாய் போனது. மகளின் கம்பஸ் செலவுக்கென்று வைத்திருந்த காசு அது.

அன்றிரவு அம்மா சொன்னார்: "பிள்ளை, ஷெல் விழுந்த இடத்தைப் பார்த்து அடுத்தது எங்க விழும் எண்டு ஆராவது சொன்னவையே? நாங்கள் நேரத்தோட எழும்பினதாலதான் தப்பினனாங்கள்."

அது எனக்கு உறைத்தது. குறிகாட்டி நடந்ததைத்தான் சொல்லும். நடக்கப்போவதைச் சொல்லாது.

இப்போதும் சிறிய அளவில் செய்கிறேன். வாங்குமுன், எந்த விலைக்கு இறங்கினால் விற்பேன் என்பதைக் கொப்பியில் எழுதுகிறேன். அந்த விலை வந்தால் மனம் மாறுவதில்லை. நாளாந்தம் கைமாறாத பங்கைத் தொடுவதில்லை. அதன் கோட்டை நம்ப முடியாது. வாங்கவும் விற்கவும் ஒவ்வொரு முறையும் நான் கட்டியது 1.12 வீதம். அடிக்கடி மாற்றினால் இலாபம் அதிலேயே கரைந்துவிடும்.

சகோதரிகளே, நுண்கடன் எடுத்தோ நகை அடகு வைத்தோ இதில் இறங்க வேண்டாம். நிச்சய இலாபம் என்று யாராவது வந்தால் கதவைச் சாத்துங்கள். சாப்பாடு, பள்ளிச் செலவு, கடன் எல்லாம் போக மிஞ்சுவதே இதற்கான காசு. மிஞ்சாத மாதங்களில் நான் கொப்பியில் கோடு மட்டும் கீறுகிறேன்.