அம்மாவும் ஸ்மார்ட் போர்டும்

கொஞ்சம் நீளமான கதை மக்களே, பொறுமையா படிங்க.

அம்மா அரசு நடுநிலைப் பள்ளில கணக்கு டீச்சர். முப்பது வருஷத்துக்கு மேல சர்வீஸ். ரிட்டயர் ஆக இன்னும் ரெண்டு வருஷம் பாக்கி. போன வருஷம் அவங்க ஸ்கூலுக்கு ஸ்மார்ட் போர்டு வந்துச்சு. வந்த அன்னைக்கு ராத்திரி போன் பண்ணி, "ஏன்டா, இனிமே நாங்கல்லாம் எதுக்குடா?"ன்னு சிரிச்சுக்கிட்டேதான் கேட்டாங்க. எனக்கு என்னவோ அந்தச் சிரிப்பு சரியாப் படலை.

பொட்டி தட்டிப் பொழைக்கிற பையனை வச்சுக்கிட்டு அம்மா இப்படிக் கேக்கலாமா? "சும்மா இரும்மா, நான் வந்து சொல்லித் தர்றேன்"னு சொல்லிட்டு வழக்கம்போல மறந்துட்டேன். அப்புறம்தான் தெரிஞ்சது, அம்மா ரெண்டு தடவை போர்டை ஆன் பண்ணிப் பார்த்திருக்காங்க. ரெண்டாவது தடவை ஏதோ அப்டேட் கேட்டு நின்னுடுச்சாம். பசங்க சிரிச்சிருக்காங்க. அதுக்கப்புறம் அது மேல ஒரு பழைய புடவையைப் போட்டு மூடி வச்சுட்டாங்க. தூசி படாம இருக்கத்தானாம் (நம்பிட்டோம்). இவங்களுக்குக் கொடுத்த பயிற்சி மொத்தமே ஒரு நாள். அதுலயும் பாதி நேரம் எந்த ஆப்ல எந்தப் பட்டனை அமுக்கணும்ங்கறதுலயே போயிடுச்சு. பாடம் நடத்தறதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்னு யாரும் பேசலையாம்.

எனக்கு ரோஷம் வந்துடுச்சு. ஊர்லேருந்தே வேலை பார்க்கற மாதிரி ரெண்டு வாரம் வாங்கிக்கிட்டுப் போனேன். ஆறாங்கிளாஸ்ல அப்போ பின்னங்கள் நடந்துக்கிட்டிருந்தது. ரெண்டு ராத்திரி உக்காந்து ஒரு அனிமேஷன் செஞ்சேன். சப்பாத்தி ரெண்டா, மூணா, ஆறா வெட்டுப்படும், துண்டுங்க பறந்து வந்து ஒட்டிக்கும், கலர் மாறும். ஆபீஸ்ல கூட இவ்ளோ சின்சியரா ஆணி பிடுங்கினதில்லை.

ஒரு சனிக்கிழமை வேலை நாளா அமைஞ்சது. எச்.எம். கிட்ட அனுமதி வாங்கிட்டு கிளாஸுக்குப் போனோம். சப்பாத்தி பறந்தப்ப பசங்க "ஹேய்"னு ஒரே சத்தம். கைதட்டல் வேற. நான் அம்மாவைப் பார்த்து ஒரு லுக்கு விட்டேன். அம்மா ஒண்ணுமே சொல்லலை. போர்டுல அரையையும் மூணுல ஒண்ணையும் எழுதி, கூட்டச் சொன்னாங்க. மேசை மேசையா நடந்து பார்த்தாங்க, நானும் பின்னாடியே போனேன். முப்பத்தி ரெண்டு பேர்ல பாதிக்கு மேல 2/5. மேல இருக்கறதை மேலயும் கீழ இருக்கறதைக் கீழயும் கூட்டிப் போட்டிருக்காங்க. சற்றுமுன் கைதட்டின அதே பசங்க.

அப்போ அம்மா என்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க. "என் போன்ல எடுக்கற போட்டோ இந்தப் போர்டுல தெரியுமா?"

அவ்ளோதான். ரெண்டு நிமிஷ வேலை. போனையும் போர்டையும் இணைச்சுக் கொடுத்தேன். ஒரு நோட்டை, பேர் தெரியாத மாதிரி மறைச்சு, போட்டோ எடுத்துப் பெருசாப் போட்டாங்க. 2/5. "இது சரியா? யார் வேணா பேசலாம்." கொஞ்ச நேரம் அமைதி. அப்புறம் ஜன்னலோரம் இருந்த பையன் ஒருத்தன் எழுந்து, "டீச்சர், 2/5 அரையை விடக் கம்மி டீச்சர். அரைச் சப்பாத்தியோட இன்னும் கொஞ்சம் சேர்த்தா எப்படிக் குறையும்?"னு கேட்டான். கிளாஸே ரெண்டா பிரிஞ்சு சண்டை. என் அனிமேஷனை அப்போதான் மறுபடி ஓட்டச் சொன்னாங்க, ஆறாப் பிரியற இடத்துல நிறுத்தச் சொல்லி. இந்தத் தடவை யாரும் கைதட்டலை. எல்லாரும் எண்ணிக்கிட்டு இருந்தாங்க. மணி அடிக்கறப்ப மூணாவது வரிசைப் பொண்ணு ஒண்ணு, "அது என் நோட்டுதான் டீச்சர், 5/6னு மாத்திட்டேன்"னு தானாவே வந்து காட்டுச்சு.

வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் எனக்கு என் லேப்டாப் ஞாபகம். (கொசுவத்தி சுத்தறேன், கண்டுக்காதீங்க.) 2011ல ஆரம்பிச்ச இலவச லேப்டாப் திட்டத்துல பிளஸ் டூ படிக்கறப்ப எனக்கும் ஒண்ணு கிடைச்சது. விண்டோஸும் பாஸ் லினக்ஸும் ரெண்டும் இருக்கும். உண்மையைச் சொல்றேன், முக்கால்வாசி நேரம் சினிமாதான். ஆனா ஒண்ணு. பகுதித் தொகையிடல் எனக்கு மண்டையில ஏறவே இல்லை. அறுபது பேர் இருந்த கிளாஸ்ல மூணாவது தடவை கை தூக்க வெக்கம். வீட்டுல அதே கணக்கு வீடியோவைப் பதினோரு தடவை பார்த்தேன். வீடியோல வர்றவர் ஒரு தடவை கூட முகம் சுளிக்கலை. சல்மான் கான் (நடிகர் இல்லீங்க, கான் அகாடமி ஆளு) இதைத்தான் 2011ல ஒரு மேடைல சொன்னார். அவரோட சொந்தக்காரப் பசங்களுக்கு நேர்ல சொல்லித் தர்றதை விட யூடியூப்தான் பிடிச்சிருந்ததாம். வேண்டிய இடத்துல நிறுத்திக்கலாம், யாரையும் தொந்தரவு பண்ற கூச்சம் இல்லாம.

அதுக்காக ஆளுக்கொரு பொட்டி குடுத்துட்டா போதும்னு நெனச்சா பெரு நாட்டுக் கதைதான். ஆளுக்கொரு லேப்டாப்னு எட்டு லட்சத்துக்கும் மேல வாங்கிக் குடுத்தாங்க. 319 கிராமப்புற ஆரம்பப் பள்ளிகளை வச்சு நடந்த ஆய்வு 2012ல வந்தது. கணக்குலயும் மொழிப்பாடத்துலயும் குறிப்பிடும்படி எந்த முன்னேற்றமும் இல்லை.

டெல்லில 2015ல நடந்தது வேற மாதிரி. மைண்ட்ஸ்பார்க்னு ஒரு மென்பொருள். பையன் எந்த வகுப்புல உக்காந்திருக்கான்னு அது பார்க்கறதில்லை, எங்க தப்பு பண்றான்னு பார்த்து அங்கேருந்து ஆரம்பிக்கும். ஆறாம் வகுப்புல இருந்தவங்களே சராசரியா ரெண்டரை வகுப்பு பின்தங்கி இருந்தாங்களாம். நாலரை மாசத்துல, அந்த மையத்துக்குப் போகாத பசங்களை விடக் கணக்குல ரெண்டு மடங்கு முன்னேறியிருக்காங்க. நான் கவனிச்ச விஷயம், அங்க பாதி நேரம்தான் கம்ப்யூட்டர். மீதி பாதி ஒரு மனுஷர் சின்னக் குழுவா வச்சு சொல்லித் தந்திருக்கார்.

இதைப் படிச்சுட்டு அம்மாகிட்ட பெருமையா விளக்கினேன். "தப்பைப் பார்த்துத்தானே ஆரம்பிக்கணும், வேற எப்படி ஆரம்பிப்பாங்க?"ன்னு கேட்டுட்டு வெங்காயம் உரிக்கப் போயிட்டாங்க. பல்பு வாங்கினது எனக்குப் புதுசா என்ன :-)

புடவை இப்போ போர்டு மேல இல்லை. எல்லாம் சுபம்னு நெனச்சுடாதீங்க. வாரத்துல ஒரு நாளாவது கரண்ட் போகுது, நெட்டு ஆடி அசைஞ்சு வருது. முப்பத்தி ரெண்டு பேர்ல அஞ்சாறு பேர் இன்னும் 2/5 போடறாங்கன்னு அம்மாவே சொன்னாங்க.

போன வாரம் போன். "போன்ல இடமே இல்லைன்னு காட்டுது, என்ன பண்ணணும்?" கேட்டா, நோட்டுப் படம் மட்டும் ஆயிரத்துச் சொச்சம் இருக்கு. "குட்மார்னிங் படமெல்லாம் அழிம்மா"ன்னேன்.

"அதெல்லாம் அழிச்சாச்சு. நீ தீபாவளிக்கு அனுப்புன வீடியோவையும் அழிச்சுட்டேன், கோச்சுக்காத."

மெமரி கார்டு ஆர்டர் பண்ணியிருக்கேன். நாளைக்கு வந்துரும்.