ஏழுல ரெண்டு போனா அஞ்சு

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் வீட்டுத் திண்ணைக்கு நோட்டும் பென்சிலுமாகப் பிள்ளைகள் வந்துகொண்டேதான் இருப்பார்கள். மூன்றாம் வகுப்புக்காரி ஒருத்தி 52-லிருந்து 27-ஐக் கழித்து 35 என்று போட்டு வருவாள். விடை 25 என்று நாமே எழுதிக் கொடுத்தால் அழித்துவிட்டு எழுதிக்கொள்வாள். நாளைக்கு 63-லிருந்து 38 கொடுங்கள், மறுபடியும் 35தான் வரும்.

"எப்படிப் போட்டேம்மா, சொல்லு" என்று கேட்டுப் பாருங்கள். "ஏழுல ரெண்டு போனா அஞ்சு, அஞ்சுல ரெண்டு போனா மூணு" என்பாள். பெரியதிலிருந்துதான் சின்னதைக் கழிக்கணும் என்று யாரோ சொன்னதை ஒவ்வோர் இலக்கத்துக்கும் பொருத்தியிருக்கிறாள். கவனக்குறைவு இல்லை, அவளுக்கென்று ஒரு விதி வைத்திருக்கிறாள்.

"உன்கிட்ட 52 ரூபாய் இருந்துச்சு. 27 ரூபாய்க்கு நோட்டு வாங்கினே. மிச்சம் 35-னா, ரெண்டையும் கூட்டிப் பாரேன்."

62 வரும். "பத்து ரூபாய் எப்படிக் கூட வந்துச்சு?" என்று அவளே கேட்பாள்.

அடுத்து வருவதுதான் சிரமம்: வாயை மூடிக்கொண்டிருப்பது. அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ வகுப்பறைப் பேச்சை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சுமார் 1 விநாடிதான் காத்திருந்தார்கள். அதை 3 விநாடிக்கு மேல் நீட்டியதும் பதில்கள் நீண்டன, பிள்ளைகளே கேள்வி கேட்பதும் கூடியது. மூன்று விநாடி என்ன பெரிய நேரமா என்பவர்கள் ஒருநாள் கரும்பலகை முன் நின்று பார்க்கட்டும்.

விடை சரியானதும் "கெட்டிக்காரி!" என்று சொல்ல நாக்கு துடிக்கும். கிளாடியா முல்லரும் கேரல் டுவெக்கும் 1998-ல் வெளியிட்ட ஆய்வில், புத்திசாலி என்று பாராட்டப்பட்ட ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஒருமுறை சறுக்கியதும் சோர்ந்தார்கள், மதிப்பெண்ணும் இறங்கியது. முயற்சியைப் பாராட்டக் கேட்டவர்கள் அப்படித் துவளவில்லை. தாத்தா பாட்டிகளுக்கு இது கசக்கும், எனக்கும் கசக்கத்தான் செய்கிறது. "கூட்டிப் பார்த்து நீயே பிடிச்சிட்டியே" என்றால் போதும், அடுத்த கணக்கிலும் கூட்டிப் பார்ப்பாள்.

அதற்காக எல்லாவற்றுக்கும் கேள்வியே கேட்டால் பிள்ளைக்கு எரிச்சல்தான் வரும். பத்து ஒன்றுகள் சேர்ந்தால் ஒரு பத்து என்பதைக் குச்சிகளைக் கட்டிக் காட்டிச் சொல்லித்தான் ஆகவேண்டும், அவள் வாயிலிருந்து கறக்க முடியாது. பரீட்சைக்கு முந்தின ராத்திரி, தூக்கம் சொக்கும் பிள்ளையிடம் "நீ என்ன நினைக்கிறே?" என்று ஆரம்பிக்கும் அப்பாக்களும் உண்டு. அந்த நேரத்தில் விடையைச் சொல்லிக்கொடுத்துப் படுக்கப் போகச் சொல்லுங்கள்.