அம்மம்மா ஏன் மாணிக்கத்தை ஏசினவ?

கம்பஸில் யாரிடமாவது "நாடகம் பாக்கிறனீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். "சீ, அம்மாதான் பாக்கிறவ" என்றுதான் பதில் வரும். கொரியன் நாடகம் என்றால் வெட்கமில்லை. நெட்ஃபிளிக்ஸ் என்றால் பெருமை. சன் ரிவி நாடகம் என்றால் மட்டும் எல்லாருக்கும் பழியைப் போட ஒரு அம்மா தேவைப்படுகிறது.

நாங்கள் பாக்கிறனாங்கள். சின்ன வயதிலிருந்தே பாக்கிறனாங்கள். நாங்கள் என்றால் திருக்கடலூர்ப் பக்கம் கடலுக்குக் கிட்ட ஒரே ஒழுங்கையில் வளர்ந்த ஐந்து பேர். இப்ப ஆளுக்கொரு பல்கலைக்கழகம். கலைப்பீடத்தில் இருக்கிற ஆள் எழுத, மற்ற நாலு பேரும் வாட்ஸ்அப்பில் திருத்தித்தான் இது வருகிறது. பழைய நாடகம், புது நாடகம் எல்லாவற்றைப் பற்றியும் எங்களுக்கு அபிப்பிராயம் உண்டு. அதை ஒருக்கா ஒழுங்காய்ச் சொல்லலாம் என்று நினைத்தோம்.

முதலில் எங்கட வீடுகளின் நேரசூசி. எங்கட அப்பாமாரில் கடலுக்குப் போகிறவர்களும் உண்டு, சீனக்குடாவில் மா ஆலைக்குப் போகிறவர்களும் உண்டு. கடலுக்குப் போனவர் விடியத்தான் வருவார். மற்றவர் வருகிற நேரம் ஷிஃப்டைப் பொறுத்தது. ஆகவே பொழுதுபட்டால் இரவு பத்து மணிவரை வீடு பெண்களுடையது, ரிவியும் அவர்களுடையது. அந்த மூன்றரை மணித்தியாலத்தில் என்ன நடந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை.

எங்கட மாமாமாரின் காலத்தில் நிலைமை வேறு. இலங்கையில் ரிவி 1979 இல் ஐ.ரி.என். உடன் தொடங்கியது. ரூபவாஹினி 1982 பெப்ரவரியில் வந்தது. அதில் தமிழுக்குக் கிடைத்தது கொஞ்ச நேரம்தான். மாமாமார் பார்த்ததெல்லாம் டைட்டஸ் தொட்டவத்த சிங்களத்தில் குரல் கொடுக்க வைத்த கார்ட்டூன்கள். 'பிஸ்ஸு பூஸா'வைப் பார்த்துத்தான் சிங்களம் பிடிபட்டது என்று இப்பவும் சொல்லுவினம். 1993 சித்திரை வருடப் பிறப்புக்குச் சென்னையில் சன் ரிவி வந்தது. 1998 இல் இங்கே சக்தி ரிவி, 2009 இல் வசந்தம். பிறகு கேபிள், அதற்குப் பிறகு கூரைக்கு மேல் டிஷ். சென்னையில் எடுக்கிற நாடகம் எங்கட வீட்டுக்குள் நிரந்தரமாய்க் குடிவந்த கதை சுருக்கமாய் இவ்வளவுதான்.

இனி 'மெட்டி ஒலி'. திருமுருகன் இயக்கி, 2002 முதல் 2005 வரை சன் ரிவியில் போனது. அது தொடங்கினபோது எங்களில் ஒருத்தரும் பிறக்கவில்லை. நாங்கள் அதைப் பார்த்தது 2020 கொரோனா ஊரடங்கில், யூடியூப்பில், அம்மம்மாவோடு. ஐந்து பெண்பிள்ளைகளைப் பெற்ற சிதம்பரம் என்ற தகப்பன், ஒவ்வொருத்தியையும் கட்டிக் கொடுக்கப் படுகிற பாடு. அதில் சரோஜாவைக் கட்டினவன் மாணிக்கம். தாய் ராஜத்தின் பேச்சைக் கேட்டுக்கொண்டு அவளைப் பாடாய்ப் படுத்துவான். சேத்தன் நடித்த அந்த மாணிக்கத்தை அம்மம்மா ஏசின ஏச்சை இங்கே எழுத முடியாது. இரண்டாம் தரம் பார்க்கிறா. என்ன வரப்போகுது என்று தெரியும். எண்டாலும் ஏச்சில் குறைவில்லை.

நாங்கள் பக்கத்திலிருந்து பார்த்தது இன்னொன்றை. சரோஜா தகப்பன் வீட்டுக்கு அழுதுகொண்டு வருகிற காட்சி வந்தால், குசினிக்குள் நிற்கிற சின்னம்மா வாசலுக்கு வருவா. "அவ திரும்பிப் போகக் கூடாது" என்பா. "போகாமல்? பின்னுக்குத் தங்கச்சிமார் நிக்குதுகள். அதுகளை ஆர் கட்டுறது?" என்பா அம்மம்மா. "தங்கச்சிமாருக்காக இவ சாகிறதோ?" "சாகச் சொன்னதோ? அந்தத் தகப்பன் வேற என்ன செய்யிறது, சொல்லு பாப்பம்." இப்படியே அரை மணித்தியாலம் போகும். சின்னம்மாவும் ஒரு காலத்தில் இரண்டு தரம் வீட்டுக்குத் திரும்பி வந்தவ. இரண்டு தரமும் அனுப்பப்பட்டவ. அந்த விஷயத்தை எங்கட வீட்டில் ஒருத்தரும் கதைத்ததில்லை. அன்றைக்கும் கதைக்கவில்லை. சரோஜாவைப் பற்றித்தான் கதைத்தார்கள். ஆனால் பத்துப் பதினைந்து வருடமாய்க் கேட்கப்படாமல் கிடந்த கேள்வி கேட்கப்பட்டது, பதிலும் சொல்லப்பட்டது. கடைசியில் ஒருநாள் அம்மம்மா, "அந்தச் சிதம்பரம் செய்தது பிழைதான்" என்றா. சின்னம்மா ஒன்றும் சொல்லாமல் தேத்தண்ணி ஊத்தப் போனா.

இதுதான் நாடகம் எங்கட வீட்டில் செய்த வேலை. சொந்தக் கதையை நேரே எடுத்தால் சண்டை, அழுகை, பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். சரோஜாவின் பெயரில் எடுத்தால் எல்லாம் கதைக்கலாம். நாடகம் பெண்களைக் கெடுக்குது, அழ வைக்குது என்று விமர்சனம் எழுதுகிற அண்ணாமாருக்கு இது தெரியாது. அவர்கள் ரிவித் திரையைப் பார்த்து எழுதுகிறார்கள். விஷயம் நடப்பது திரைக்கு முன்னால்.

பழையதெல்லாம் தங்கம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் பழையதில் சிலதுக்கு முடிவு தெரிந்திருந்தது. இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி, நாகா இயக்கிய 'மர்மதேசம் - விடாது கருப்பு' தொண்ணூறுகளில் வந்தது. கிராமம், காவல்தெய்வம், கொலை, கடைசியில் மனநோய் சம்பந்தமான ஒரு விளக்கம். முதல் வாரத்தில் போட்ட முடிச்சைக் கடைசி வாரத்தில் அவிழ்த்தார்கள். எங்களில் இரண்டு பேர் அதை ஹொஸ்டலில் நாலு நாளில் பார்த்து முடித்தோம். பிறகு வந்த நாடகங்களுக்கு முடிவே வியாபாரத்துக்கு எதிரி. 'கோலங்கள்' 1533 பகுதி. 2003 இல் தொடங்கி 2009 கடைசியில் முடிந்தது. எங்கட ஊரின் கணக்கில் சொன்னால், சுனாமிக்கு முதல் தொடங்கி யுத்தம் முடிந்த பிறகு முடிந்தது.

'கோலங்கள்' எடுத்த திருச்செல்வம்தான் 2022 இல் 'எதிர்நீச்சல்' எடுத்தார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். தேவயானி நடித்த அபி தனியாள். குடும்பத்தைத் தூக்கி, தொழில் நடத்தி, ஆதியோடு மோதி, எல்லாவற்றையும் பொறுத்துத்தான் நல்லவள் ஆகிறாள். எதிர்நீச்சலில் ஒரே வீட்டுக்கு மருமகளாய் வந்த நாலு பெண்கள். குசினிக்குள் நின்று பகிடி விடுகிறார்கள், ஒருத்திக்கொருத்தி ஒத்தாசை. நந்தினி சமைத்து விற்று உழைக்கத் தொடங்குகிற பகுதிகளை நாங்கள் இப்பவும் மெச்சுவோம். பொறுமைதான் பெண்ணுக்கு அழகு என்பதிலிருந்து இவ்வளவு தூரம் வந்தது சின்ன விஷயமில்லை.

ஆனால் அதே நாடகத்தில் ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து அவ்வளவு நன்றாய் நடித்துவிட்டார். பெண்களை அடக்குகிற அந்த மனிசனின் பேச்சுத்தான் எல்லார் வாயிலும் நின்றது. எங்கட ஒழுங்கைப் பெடியங்கள் தங்கச்சிமாரை அவரின் குரலில்தான் கூப்பிட்டார்கள். 2023 செப்டெம்பரில் அவர் இறந்தபோது சொந்தக்காரர் செத்தது போல் கவலைப்பட்டோம். அவருக்குப் பிறகு நாடகமும் தள்ளாடினது. நாலு பெண்களின் கதை ஒரு ஆணின் குரல் இல்லாமல் நிற்க முடியாமல் போனதை யோசிக்கத்தான் வேணும்.

இனிச் சொல்லப் போவதுதான் எங்களுக்கு முக்கியம். சீதனம், மாமியார், குடிகாரப் புருஷன், இதெல்லாவற்றுக்கும் சென்னை நாடகத்தில் ஆள் உண்டு. அதனால் அதைப் பற்றியெல்லாம் எங்கட வீடுகளில் கதைக்க முடிந்தது. நாடகத்தில் இல்லாததைப் பற்றி?

எங்கட ஒழுங்கையில் ஒரு பெரியம்மா இருக்கிறா. அவவின் மகன் 2008 இல் வேலைக்குப் போனவர், திரும்பி வரவில்லை. பெரியம்மா ஒரு நாடகத்தையும் விடமாட்டா. நாடகத்தில் செத்துப்போனவர் ஐந்நூறு பகுதிக்குப் பிறகு தாடியோடு திரும்பி வருவார் தெரியும்தானே? நாங்கள் அதை வைத்து எத்தனையோ மீம் போட்டிருக்கிறோம். பெரியம்மா வீட்டில் இருந்து பார்க்கும்போது ஒருத்தரும் சிரிப்பதில்லை. அந்தக் காட்சி முடிந்தால் அவ எழும்பிப் போய் முன்கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்ப்பா. அதைப் பற்றி ஒருத்தரும் கதைப்பதுமில்லை. கதைக்க ஒரு சரோஜா இல்லை. 2017 இலிருந்து வடக்குக் கிழக்கெங்கும் காணாமல் ஆக்கப்பட்டோரின் அம்மாமார் படங்களைப் பிடித்துக்கொண்டு தெருவில் இருந்தார்கள். செய்தியில் அரை நிமிசம் காட்டினார்கள். 2006 ஜனவரி 2 ஆம் திகதி எங்கட கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். எங்கட வயதுதான். அந்த வீடுகளின் பின்னேரம் எப்படி இருக்கும் என்று எந்த நாடகமும் கேட்டதில்லை.

எங்களைக் காட்டாமலில்லை. காட்டுகிற விதம் இரண்டு. 2000 இல் வந்த 'தெனாலி' படத்தில் எங்கட தமிழைப் பேசுகிறவர் எல்லாவற்றுக்கும் பயந்தவர். 2021 இல் அமேசான் பிரைமில் வந்த 'தி ஃபேமிலி மேன்' இரண்டாம் பருவத்தில் சமந்தா நடித்த ராஜி துவக்கு எடுத்தவள். ஒன்று பயம், இல்லாவிட்டால் துவக்கு. மீன்காரனோடு பேரம் பேசி, கறி வைத்து, புருஷனோடு சண்டை பிடித்து, பிள்ளைக்கு ரியூஷன் காசு தேடுகிற ஒரு பெண் எங்கட தமிழில் அழுது சிரிக்க இடமில்லை. 2025 இல் 'டூரிஸ்ட் ஃபேமிலி' என்ற படம் கொஞ்சம் கிட்ட வந்தது. அதிலும் சென்னைக்குப் போன குடும்பம் தங்கட பேச்சை மறைக்கத்தான் வேண்டியிருந்தது.

எழுதாத கதை ஒருக்கா பின்கதவால் வந்தது. 2019 பிக் பாஸ் மூன்றாம் பருவத்துக்கு இங்கேயிருந்து லொஸ்லியாவும் தர்ஷனும் போனார்கள். லொஸ்லியா சக்தி ரிவியில் செய்தி வாசித்தவர். கனடாவில் இருந்த அப்பா, பல வருடம் மகளைக் காணாதவர், அந்த வீட்டுக்குள் வந்து நின்றார். வந்ததும் ஏசினார். எங்கட ஒழுங்கையில் வெளிநாட்டில் அப்பா, வெளிநாட்டில் அண்ணா என்று இல்லாத வீடு குறைவு. அன்றிரவு வீட்டுக்கு வீடு அழுகைச் சத்தம். அழுது முடிந்த பிறகு, கட்டார் போய் ஏழு வருடமான மாமாவைப் பற்றி மாமி முதல்தரம் வாய் திறந்து கதைத்தா. "இவரும் வந்தால் முதல் ஏசத்தான் செய்வார்" என்று தொடங்கினா. விடிய ஒரு மணிவரை கதைத்தா. அதை ஒருத்தரும் வசனமாய் எழுதிக் கொடுக்கவில்லை. அப்படியிருந்தும் அந்த ஒரு இரவு செய்த வேலையை ஆயிரம் பகுதி நாடகம் செய்யவில்லை.

எங்களுக்குத் திறமை இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். 'கோமாளிகளின் கும்மாளம்' என்ற எங்கட வானொலி நாடகம் அவ்வளவு பேரைக் கட்டிப்போட்டு, 1976 இல் 'கோமாளிகள்' என்று படமாகவும் வந்தது. இலங்கை வானொலியின் 'பாட்டுக்குப் பாட்டு'வை பி.எச். அப்துல் ஹமீத் சன் ரிவிக்கே கொண்டுபோய் நடத்தினார். பக்கத்தில் சிங்களத்தில் பாருங்கள். 2017 இல் ஐ.ரி.என். இல் வந்த 'கூம்பியோ'வை ஹொஸ்டலில் சிங்களப் பிள்ளைகளோடு இருந்து பார்த்தோம். கொழும்பில் ஏமாற்றிப் பிழைக்கிற ஜெஹான் அவர்களின் பேச்சில், அவர்களின் தெருவில் நடக்கிறான். எங்களுக்குப் பொறாமையாக இருந்தது.

காரணம் காசு. சென்னையில் எடுத்து முடித்த நாடகத்தை வாங்கிப் போடுவது, இங்கே ஆள் வைத்து எடுப்பதை விட மலிவு. பார்க்கிற சனமும் கொஞ்சம், விளம்பரமும் கொஞ்சம். சனல்காரரின் கணக்குப் பிழையில்லை. ஆனால் அந்தக் கணக்கில் விடுபட்டது எங்கட பெரியம்மா. இப்ப எங்கட பெடியங்களிடம் கமெரா இருக்கிறது, எடிட்டிங் தெரியும். எடுப்பது அநேகமாய்ப் பாட்டு வீடியோ, இல்லாவிட்டால் சென்னைத் தமிழில் காதல் குறும்படம். எங்கட வேண்டுகோள் அவர்களிடம்தான்.

பத்தே பத்துப் பகுதி போதும். உட்துறைமுக வீதியில் எடுங்கள், எங்கட ஒழுங்கைக்கு வாங்கோ, வீடு தருகிறோம். ஒரு தாய். மகன் இல்லை. மற்றதெல்லாம் இருக்கட்டும்: மீன், மழை, மகளின் கலியாணப் பேச்சு, பக்கத்து வீட்டுச் சண்டை, பகிடி. ஒன்றே ஒன்று, மகன் தாடியோடு திரும்பி வருகிற காட்சியை வைக்காமல் நாடகத்தை முடியுங்கள். அதைப் பெரியம்மாவோடு இருந்து பார்க்க வேணும். பார்த்து முடிந்த பிறகு, அந்தத் தாயைப் பற்றிப் பெரியம்மா என்ன சொல்லுவா என்று எங்களுக்குக் கேட்க வேணும்.