சதுரகிரிக்கு பஸ்ஸில் வாங்க

சதுரகிரிக்கு எப்படி வரணும்னு சென்னையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். கார் வேண்டாம் தம்பி. ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி வத்திராயிருப்பு பஸ் பிடிங்க. அமாவாசை, பௌர்ணமிக்கு தாணிப்பாறை அடிவாரம் வரைக்கும் ஸ்பெஷல் பஸ் ஓடும். ஜன்னல் சீட் பிடிச்சா வழியெல்லாம் வயலும் தென்னந்தோப்பும்தான். அப்புறம் நடை. வழுக்குப்பாறை, சங்கிலிப்பாறை, கோரக்கர் குகைன்னு ஏறிக்கிட்டே இருக்கணும்.

ஓடையைப் பத்தி மட்டும் ஒண்ணு சொல்லணும். ஒரு சித்திரை அமாவாசைக்கு நானும் மச்சினனும் போயிட்டு இறங்குறோம். எங்க தலைக்கு மேல வெயில், உச்சியில் கருமேகம். ஓடைத் தண்ணி கலங்கி, சருகு மிதந்து வந்தது. "முழங்கால் தண்ணிதான் அத்தான், பஸ் போயிரும்"னு அவன் காலை வச்சிட்டான். சட்டையைப் பிடிச்சு இழுத்து உட்கார வச்சேன். கோவிச்சுக்கிட்டான். கொஞ்ச நேரத்தில் இடுப்பளவு ஓடுது, பாறையெல்லாம் உருளுற சத்தம். 2015 மே மாசம் இப்படி வந்த வெள்ளத்தில்தான் பக்தர்கள் செத்துப்போனாங்க.

தண்ணி வடிய ராத்திரி ஆயிருச்சு. பஸ் இல்லை. வத்திராயிருப்பு வரைக்கும் இருட்டில் நடந்தோம். வழி முழுக்க அவன் வாயே திறக்கலை. வீட்டுக்கு வந்தா, பால் கறக்காத மாடு கத்திக்கிட்டு நிக்குது.