மேலண்டைக் கோழியும் கீழண்டைக் கோழியும்

ஆம்பூரில் தோல் தொழிற்சாலையின் மதிலோரமாகச் செல்லும் எங்கள் தெருவில், மேலண்டை வீட்டாரின் கோழிகள் ஒரு பெரும்படை. கீழண்டை வீட்டு ஆயாவுக்கோ சில பெட்டைகளும் கொண்டை சாய்ந்த ஒரு சேவலுமே சொத்து. காலையில் பஞ்சாரம் தூக்கப்பட்டதும் இரு கூட்டமும் ஒரே குப்பைமேட்டில் சங்கமமாகும்போது, சிறியது பெரியதில் கரைந்துவிடும் என்றே யாருக்கும் தோன்றும்; ஆனால் அப்படி நடப்பதில்லை. சேவல்கள் இரண்டும் கழுத்து இறகைச் சிலிர்த்துக்கொண்டு சற்று நேரம் முறைத்து நிற்கும். படையைச் சேர்ந்த பெட்டையொன்று ஆயாவின் பெட்டையை ஒரு கொத்துக் கொத்தும். அதுவும் நாலடி விலகி, ஒன்றுமே நிகழாத பாவனையில் மண்ணைச் சீய்க்கத் தொடங்கிவிடும். அந்தி சாய்ந்தால் அததன் கூடு அததற்கு. பிரித்துவிட ஆள் வேண்டியதில்லை.

கோழிகளிடையே யார் யாரைக் கொத்தலாம் என்றொரு வரிசைக்கிரமம் உண்டென்பதை 1922இல் எழுதி வெளியிட்ட நார்வே அறிஞர் ஷெல்டெரப்-எப்பே, பால்யத்திலேயே கோழிகளை உற்றுநோக்கத் தொடங்கியவர். அந்தக் கிரமம், முகமறிந்து ஒரே கூட்டில் அடைகிறவற்றிடையேதான் பூரணமாகச் செல்லும். விலகியோட இடமிருக்கும் வெட்டவெளியில் அந்நியரை அடக்கியாளும் சிரமத்தை எந்தக் கோழி மேற்கொள்ளும்?

மனிதன் சேவற்போர் வைத்து அதை மேற்கொள்ளச் செய்தான். விழுப்புரத்துக்கருகே அரசலாபுரத்தில் ஒரு நடுகல் இருக்கிறது. அதிலே வீரனும் இல்லை, வில்லும் இல்லை. கம்பீரமாக நிற்கும் ஒரு சேவல்! சுமார் 5ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் அக்கல்லின் எழுத்து, மேற்சேரியின் கோழி அது என்று தெரிவிக்கிறது. இந்தளூரில் கிடைத்த இன்னொரு கல், கீழ்ச்சேரிக் கோழிக்கு. பொற்கொற்றி என்ற திருநாமமும் அதற்கு உண்டு. நம் பழைய வட ஆற்காட்டுச் செங்கம் பக்கத்திலே, எடுத்தனூரில், கள்ளரைக் கடித்துக் காவல் காத்த கோவிவன் என்னும் நாயையும் ஒரு நடுகல்லில் பொறித்திருக்கிறார்கள். அந்த நாய் தன் எஜமானனுக்காகப் போரிட்டது, நியாயந்தான். பொற்கொற்றிக்குக் கீழ்ச்சேரி என்றொன்று இருப்பதே தெரிந்திருக்குமோ, ஐயமே! திசையை அதற்குச் சூட்டியவர்கள், பந்தயத்துக்குச் சுற்றி நின்றவர்கள். உயிரைக் கொடுத்தது மட்டும் கோழி. ஆனாலும் மடிந்ததைக் குழம்பு வைக்காமல் கல்லெடுத்த அந்த ஊராரின் ரசனையை நான் குறைகூற மாட்டேன்.

ஆகவே இரு வீட்டுக் கோழிகளும் தாராளமாகக் கலந்து மேயட்டும். தீனித்தட்டையும் கூட்டையும் மாத்திரம் தனித்தனியே வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைக்கழிச்சல் மேலண்டை கீழண்டை பார்ப்பதில்லை. அதற்குரிய தடுப்பூசி, 1932 முதல் நம் இராணிப்பேட்டையில் இயங்கிவரும் கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையத்திலேயே தயாராகிறது. இரு வீட்டாரும் பேசிவைத்து ஒரே நாளில் போட்டுவிடுவது உத்தமம்.